தராசு காட்டாத வெயில்

ஓசோன் என்ற சொல்லைக் கேட்டவுடன் கல்லூரி மாணவர் எவருக்கும் முதலில் நினைவில் எழுவது தென்துருவத்தின் மேல் நீலமும் ஊதாவுமாய்த் தீட்டப்பட்ட ஒரு வட்டம். அண்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வு நிலைய அளவீடுகளைக் கொண்டு பிரித்தானிய அறிவியலாளர் மூவர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அந்தப் படம் பாடநூல்களில் நிலைபெற்றது. படலத்தில் ஓட்டை விழுந்தது, அதன் வழியே புற ஊதாக் கதிர் இறங்கியது, உயிர்களுக்கு ஊறு நேர்ந்தது என்பது பாடத்தின் சாரம். இந்தியாவின் மேல் அப்படியோர் ஓட்டை விழுந்ததில்லை. ஆகவே புற ஊதா என்பது வேறெங்கோ நேர்ந்த கேடு, இங்குள்ள பயிருக்கும் புல்லுக்கும் அதனோடு பெரிய உறவில்லை என்றொரு முடிவு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே வகுப்பறையில் அமர்ந்துவிடுகிறது.

அம்முடிவைக் கலைக்கும் சான்று ஹாலி நிலையத்தைவிட மூத்தது. காற்று மண்டலத்திலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்தில் ஒரே அடுக்காகப் படியவைத்தால் அதன் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து ஒரு பங்கை ஓர் அலகு என்று கொள்வது வழக்கம். அந்த அலகுக்குப் பெயர் தந்த டாப்சன், தம் கருவிகளை உலகின் பல மூலைகளுக்கு அனுப்பியபோது, 1928இல் அவற்றுள் ஒன்று கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்தது. அங்கு எடுத்த அளவீடுகள், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஓசோன் மெலிகிறது என்பதை உறுதிசெய்ய உதவின. மிதவெப்ப நாடுகளின் மேல் 300 முதல் 400 அலகு வரை இருக்கும் படலம், வெப்பமண்டலத்தின் மேல் பெரும்பாலும் 250 முதல் 280 அலகு அளவிலேயே நிற்கிறது. உச்சிவெயிலும் இங்கே ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், கதிர் கடந்துவரும் காற்றின் தொலைவும் குறைவு. ஓட்டை எதுவும் விழாமலேயே, இந்நாட்டின் புல் தொன்றுதொட்டுப் புற ஊதா மிகுந்த வெயிலில்தான் முளைத்து வந்திருக்கிறது.

அந்த வெயில் புல்லை என்ன செய்கிறது என்பது தாவரவியலாருக்கு மட்டும் உரிய ஐயமாகத் தோன்றலாம். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 53 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கண்டது. மாடும் எருமையும் மட்டுமே 30 கோடியைத் தாண்டுகின்றன. அவற்றுக்கென்று தீவனம் பயிரிடப்படும் நிலமோ, மொத்தச் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 4 விழுக்காடு. எஞ்சிய பசி மேய்ச்சல் நிலத்தையும், வரப்புப் புல்லையும், வைக்கோலையும், சோளத்தட்டையையும் நம்பி இருக்கிறது. இவ்வளவு இறுக்கமான கணக்கில், ஒரு பிடிப் புல்லில் எவ்வளவு செரிக்கும், எவ்வளவு சாணமாய் வெளியேறும் என்பது ஒரு குடும்பத்தின் பால் வரவைத் தீர்மானிக்கும் செய்தி.

முதலில் கதிரைப் பற்றிச் சிறிது. கண்ணுக்குத் தெரியும் நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால் உள்ளது என்பதால் அதற்குப் புற ஊதா என்று பெயர். பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்க முடிந்ததன் வேலியோரமாக நிறுத்திப் பெயரிட்ட சொல் இது. 1801இல் ஜெர்மானியரான ரிட்டர், ஊதா நிறம் முடியும் இடத்துக்கு அப்பால் வெள்ளி உப்பு இன்னும் விரைவாகக் கறுப்பதைக் கண்டே அப்படி ஒன்று இருப்பதை அறிந்தார். இன்று அதை மூன்றாகப் பகுப்பர். 280 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய சி வகை தரையை எட்டுவதில்லை. 315 முதல் 400 வரையிலான ஏ வகை தாராளமாக வந்து சேர்கிறது. இடைப்பட்ட 280 முதல் 315 வரையிலான பி வகையைத்தான் ஓசோன் வடிகட்டுகிறது. தரைக்கு வரும் புற ஊதாவில் அதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. அளவில் சிறிதாயினும் ஆற்றலில் பெரியது. மரபணு இழையின் பிணைப்புகளை நேராகத் தாக்க வல்லது.

இக்கதிருக்குப் புல் காட்டும் எதிர்வினை நுட்பமானது. பி வகைக் கதிரை உணர்வதற்கென்றே தாவர உயிரணுவில் ஒரு புரதம் உண்டு. யூவிஆர்8 எனப்படும் அது இரட்டையாக இணைந்திருக்கும். கதிர் பட்டதும் இரண்டாகப் பிரியும். பிரிந்த புரதம் பிற புரதங்களோடு சேர்ந்து, காப்புப் பொருள்களை ஆக்கும் மரபணுக்களை இயக்குகிறது. அது ஓர் ஒளியுணர்வி என்பது 2011இல் நிறுவப்பட்டது. அதன் விளைவாக இலையின் புறத்தோலில் ஃபிளேவனாய்டு முதலிய பீனால் சேர்மங்கள் சேர்கின்றன. அவை கதிரை உறிஞ்சி, உள்ளே பச்சையம் இயங்கும் இடத்துக்குச் செல்லாமல் தடுக்கின்றன. ஊசியிலை மரங்களின் புறத்தோல் இக்கதிரை ஏறத்தாழ முழுவதும் நிறுத்திவிடும். மென்செடிகளின் இலைக்குள் அது கூடுதலாக நுழையும். புல்லிலை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

புல்லுக்கு வேறு சில வாய்ப்புகளும் உண்டு. அதன் வளர்முனை தண்டின் உச்சியில் வெயிலுக்கு நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. தரையோடு ஒட்டி, இலையுறைகளின் அடுக்குக்குள் ஒடுங்கியிருக்கிறது. மாட்டின் வாயிலிருந்து தப்பவைக்கும் அதே அமைப்பு, கதிரிலிருந்தும் அதைக் காக்கிறது. இலை நிமிர்ந்து நிற்பதால் உச்சிவெயில் அதன்மேல் சாய்ந்தே விழுகிறது. இருந்தும் புற ஊதாவில் பெரும்பகுதி வானம் முழுவதிலுமிருந்து சிதறி வருவது. நிமிர்ந்து நிற்பதால் மட்டும் அதிலிருந்து முற்றும் ஒதுங்க இயலாது. ஆகவே புல் தன் உருவையே சிறிது மாற்றிக்கொள்கிறது. இலை நீளம் குறையலாம், தடிப்புக் கூடலாம், தூர்கள் மிகலாம். ஓங்கி வளர வேண்டியது அடர்ந்து தாழ்ந்து நிற்கிறது.

இதையெல்லாம் கண்டறிந்த ஆய்வுகளின் வரலாறு, ஆய்வு செய்வோர் அனைவருக்கும் ஒரு பாடம். ஓசோன் மெலியும் என்ற அச்சம் 1970களிலும் 1980களிலும் பரவியபோது, ஆய்வாளர்கள் கண்ணாடிக் குடில்களிலும் வளர்ப்பறைகளிலும் விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பயிர்மேல் கூடுதல் புற ஊதாவைப் பாய்ச்சினர். பயிர்கள் குன்றின, இலைகள் கருகின, விளைச்சல் வீழ்ந்தது. ஆனால் அந்த அறைகளில் ஒரு குறை இருந்தது. கண்ணுக்குப் புலப்படும் ஒளி அங்கே வயல்வெளியைவிட மிகக் குறைவு. புற ஊதா முறித்த மரபணு இழையைத் தைத்துச் சீராக்கும் நொதி, நீல ஒளியையும் ஏ வகைக் கதிரையும் கொண்டே வேலை செய்கிறது. காயத்தை வழங்கிவிட்டு மருந்தை நிறுத்திவைத்த சோதனை அது. வயல்வெளி ஆய்வுகள் பெருகிய பின் படம் மாறியது. ஓசோன் இழப்பைப் போலச் செய்து பார்த்த 60க்கு மேற்பட்ட வயல் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்த 2001ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று, இலையில் கதிரை உறிஞ்சும் பொருள்கள் சராசரியாக 10 விழுக்காடு கூடின என்றும், எடை உள்ளிட்ட பிற மாற்றங்கள் சிறியவை என்றும் கண்டது.

அதற்குப் பிறகு இத்துறையின் சொற்களே மாறின. முன்பு கட்டுரைகளின் தலைப்பில் சேதம், கேடு, ஒடுக்கம் என்பவை நின்றன. பின்னர் குறிப்பு, உணர்வு, நெறிப்படுத்தல் என்பவை வந்தன. மொழியில் ஈடுபாடு உடையோர் இம்மாற்றத்தைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. சேதம் என்று கேட்கும் ஆய்வாளர் தராசைக் கையில் எடுப்பார், ஏனெனில் சேதம் குறைவாகத் தெரியும். குறிப்பு என்று கேட்கும் ஆய்வாளர் புல்லுக்குள் என்ன மாறியது என்று பார்ப்பார். கேள்வி எந்தச் சொல்லில் பிறக்கிறதோ, கருவியும் அந்தச் சொல்லுக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

வெப்பமண்டல நாடு ஒன்றுக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. கூடுதல் கதிரைச் சேர்த்துப் பார்ப்பது ஒரு முறை. இருக்கும் கதிரை நீக்கிப் பார்ப்பது மற்றொன்று. மொழியியலில் ஓர் ஒலி பொருளை வேறுபடுத்துகிறதா என்று அறிய, பிற எல்லாவற்றையும் அப்படியே வைத்து அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பர். பல், புல் என்ற இரு சொற்களில் ஓர் உயிரொலி மட்டுமே வேறு, பொருளோ முற்றிலும் வேறு. நீக்கிப் பார்க்கும் சோதனையும் அத்தகையது. புற ஊதாவைத் தடுக்கும் பாலியெஸ்டர் தாளை ஒரு பாத்திமேலும், அதை விடும் வேறொரு தாளை அடுத்த பாத்திமேலும் விரிக்கவேண்டும். இரண்டிலும் தாள் இருந்தாக வேண்டும், ஏனெனில் தாளே வெப்பத்தையும் காற்றையும் சிறிது மாற்றிவிடும். இந்தூர் தேவி அகில்யா பல்கலைக்கழகத்தில் சோயா, கோதுமை, சோளம் ஆகியவற்றில் இம்முறையைக் கையாண்டபோது, இயல்பான வெயிலிலுள்ள புற ஊதாவை நீக்கிய பயிர்கள் கூடுதலாக வளர்ந்தன. சோளம் இந்நாட்டின் முதன்மையான தீவனப் பயிர்களுள் ஒன்று. இன்றைய வெயிலே, ஓசோன் இழப்பு எதுவும் இல்லாத வெயிலே, அதன் வளர்ச்சியில் கைவைத்திருக்கிறது என்பது இதனால் விளங்கும். நாளைக்கு ஓசோன் குறைந்தால் என்னாகும் என்பது துருவத்தருகே வாழ்வோர் கேட்க வேண்டிய கேள்வி. இன்றைய வெயில் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது இங்கே கேட்க வேண்டியது.

இக்கேள்வியை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். கையில் உதவித்தொகை சில ஆண்டுகளுக்கு. கொழுக்கட்டைப் புல்லோ கினியாப் புல்லோ நட்ட சில பாத்திகள். ஒரு பாதிக்குக் கதிர் உண்டு, மறுபாதிக்கு இல்லை. அறுப்புக்கு அறுப்பு வெட்டி, உலர்த்தியில் 65 டிகிரியில் இரண்டு நாள் காயவைத்து, எடைபோட்டு எழுதுகிறார். புள்ளியியல் ஆய்வின் முடிவில் உலர் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று வருகிறது. நெறியாளர் முகம் வாடுகிறது. எதிர்மறை முடிவை இதழ்கள் விரும்பமாட்டா என்ற பேச்சு எழுகிறது. அந்த ஆய்வேடு விளைவு இல்லை என்ற சொற்றொடரோடு அலமாரிக்குச் செல்லும். பத்தாண்டு கழித்து வேறொருவர் அதை மேற்கோள் காட்டி, தீவனப் புல்லுக்குப் புற ஊதா ஒரு பொருட்டில்லை என்று எழுதுவார்.

எடை ஒன்றாக இருந்த அந்த இரு பைகளுக்குள்ளும் இருந்த புல் ஒன்றாக இருந்ததா? கதிர் பட்ட பையில் இலைகள் குட்டையாக, தூர்கள் மிகுந்து, தண்டு குறைந்து இருந்திருக்கலாம். தண்டைவிட இலையில் புரதம் மிகுதி. அப்படியானால் அந்தப் புல் மேலானது. அதே பையில் புறத்தோலின் பீனால் சேர்மங்களும் கூடியிருந்திருக்கலாம். புல்லினத்தின் செல்சுவரில் ஃபெருலிக் அமிலம் என்ற ஒரு பீனால், சர்க்கரைத் தொடர்களை ஒன்றோடொன்றும் லிக்னினோடும் கோத்துப் பிணைக்கிறது. அந்தக் கோப்பு இறுக இறுக, மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரை உடைத்துச் சத்தெடுப்பது கடினமாகும். அப்படியானால் அந்தப் புல் தாழ்ந்தது. எது வென்றது என்பது புல்லின் இனத்தையும், அறுத்த வயதையும், மண்ணின் தழைச்சத்தையும், நீர் கிடைத்த அளவையும் பொறுத்தது. வறட்சியும் தன் பங்குக்குப் பீனால்களைக் கூட்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிய இரண்டு மாற்றங்களைத் தராசு ஒரே எண்ணாகக் காட்டி, எதுவும் நிகழவில்லை என்று சொல்லிவிட்டது.

பயறுவகைத் தீவனங்களுக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். அவற்றுள் சிலவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அது மிகுந்தால் விலங்கு வாய்வைக்காது, செரிமானமும் தடைப்படும். அளவோடு இருந்தால் புரதத்தை முதல் இரைப்பையின் நுண்ணுயிர்களிடமிருந்து காத்துக் குடலுக்கு அனுப்பும், வயிற்று உப்புசத்தையும் தவிர்க்கும். குதிரைமசாலை ஈரத்தோடு மேய்ந்த மாடு வயிறு ஊதித் தவிப்பதற்கு அதன் இலையில் டானின் போதிய அளவு இல்லாததும் ஒரு காரணம். ஒரே வகைப் பொருள் ஓரிடத்தில் கேடும் ஓரிடத்தில் காப்புமாகிறது. கதிர் அத்தகைய பொருள்களின் அளவை மாற்றுகிறது என்றால், அது நன்மையா தீமையா என்று புல்லை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. விலங்கின் வயிற்றிடம் கேட்டாக வேண்டும்.

வயிற்றிடம் கேட்கும் முறை அறுபதாண்டுகளாக இருக்கிறது. 1963இல் டில்லி, டெர்ரி என்ற இங்கிலாந்து ஆய்வாளர் இருவர் அதை வகுத்தனர். அரைத்த புல்லை மாட்டின் அல்லது ஆட்டின் முதல் இரைப்பையிலிருந்து எடுத்து வடிகட்டிய நீரில் 48 மணி நேரம், பின்னர் பெப்சினும் அமிலமும் கலந்த நீரில் 48 மணி நேரம் உடல்வெப்பத்தில் வைத்து, எஞ்சியதை எடைபோட வேண்டும். கரைந்து மறைந்ததே செரித்தது. இம்முறைக்குப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் இரைப்பை நீர் வேண்டும், அதற்கென்று பேணப்படும் விலங்கு வேண்டும், அது இருப்பதோ கால்நடை ஊட்டவியல் துறையில். புல்லை வளர்ப்பவர் உழவியல் துறையில் இருக்கிறார். இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் ஒரு சாலைதான் இருக்கும். அந்தச் சாலையைக் கடக்க இரண்டு கையொப்பமும் ஒரு நல்லெண்ணமும் தேவைப்படும். பல ஆய்வேடுகளில் தரம் என்ற அத்தியாயம் புரத அளவோடு நின்றுவிடுவதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

இனி, இக்கதிர் மிக வலுவாக விழும் மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்லலாம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதா ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு கூடும். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் 4,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே சாங்பா இடையர்கள் பஷ்மினா ஆடுகளையும், செம்மறிகளையும், யாக்குகளையும் மேய்க்கின்றனர். அதே அகலாங்கில் கடல்மட்டத்தில் விழக்கூடியதைவிட 40 முதல் 50 விழுக்காடு கூடுதலான கதிர் அந்த மேய்ச்சலின்மேல் விழுகிறது என்று கொள்ளலாம். சுற்றிலும் பனி கிடக்கும் நாளில் எதிரொளிப்பு வேறு சேர்கிறது. அங்குள்ள புல்லும் கோரையும் தரையோடு தாழ்ந்து நிற்கின்றன. அதற்குக் குளிரும், காற்றும், நீரின்மையும், ஓயாத மேய்ச்சலும் காரணம். புற ஊதாவும் அக்கூட்டத்தில் ஒன்று. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. ஆனால் குளிர்காலத்தில் ஓர் ஆட்டின் வாயில் அகப்படும் அந்தச் சில பிடிப் புல்லில் எவ்வளவு செரிக்கும் என்பது, குட்டி பிழைக்குமா என்ற கேள்வியோடு நேராகத் தொடர்புடையது. தொலைவும் குளிரும் காரணமாக நீண்டகாலச் சோதனை நடத்த மிகக் கடினமான இடமும் அதுவே.

நாட்டின் மேற்கு ஓரத்தில், ஜைசல்மேரின் மணல்வெளியில், வேறொரு காட்சி. அங்கே சேவண் என்ற பல்லாண்டுப் புல் தார்பார்க்கர் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் வாழ்வாதாரம். மழை ஓரிரு மாதம் பெய்து ஓயும். புல் வளர்ந்து, முற்றி, நின்ற நிலையிலேயே காய்ந்து, அடுத்த மழைவரை மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். உயிருள்ள புல்லைக் காப்புப் பொருள்களால் இறுகச் செய்யும் அதே கதிர், உயிர் நீங்கிய புல்லை வேறுவிதமாக நடத்துகிறது. லிக்னின் கதிரை உறிஞ்சிச் சிதைகிறது, எடை மெல்லக் கரைகிறது. அர்ஜென்டினாவின் பட்டகோனியா வறள்புல்வெளியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, அங்கே சருகு மட்குவதில் நுண்ணுயிரைவிட வெயிலுக்கே பெரும்பங்கு என்று காட்டியது. மழை குறைந்த நிலங்களில் சருகை யார் தின்கிறார் என்ற கேள்விக்கு மாடு, கரையான் என்ற விடைகளோடு வெயில் என்ற விடையையும் இனிச் சேர்க்க வேண்டும். காய்ந்த புல்லை நிலத்தில் நிற்கவிடுவதா, அறுத்துப் போரிடுவதா என்று இடையர் எடுக்கும் முடிவில் இதற்கும் இடம் உண்டு.

அறுத்த புல்லிலும் கதிரின் வேலை முடிவதில்லை. பசும்புல்லில் உள்ள கரோட்டின் விலங்கின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. வெயிலில் நெடுநேரம் கிடந்த உலர்புல்லில் அது பெருமளவு அழிந்துவிடும். பச்சை நிறம் வெளுத்த வைக்கோலில் கரோட்டினைத் தேடுவது வீண். ஆனால் அதே வெயிலில், வாடும் இலையில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற பொருளின் ஒரு பகுதி வைட்டமின் டி ஆக மாறுகிறது. 1924இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீன்பாக், புற ஊதா பாய்ச்சிய உணவும் தீவனமும் ரிக்கெட்ஸ் எனும் எலும்பு நோயைத் தடுக்கும் ஆற்றல் பெறுவதைக் காட்டினார். பசும்புல்லில் மிகக் குறைவாக உள்ள அந்த வைட்டமின், வெயிலில் காய்ந்த புல்லில் கிடைக்கிறது. குதிரைமசாலை நிழலில் உலர்த்து என்ற அறிவுரையும், வெயிலில் உலர்த்து என்ற வழக்கமும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. வெயிலில் நிற்கும் மாடு தன் தோலிலேயே வைட்டமின் டியை ஆக்கிக்கொள்ளும். கொட்டிலைவிட்டு வெளிவராத மாட்டுக்குத் தீவனமும் அதைத் தரவேண்டியிருக்கிறது. எந்த மாடு, எந்தக் கொட்டில் என்று கேட்காமல் எது நல்லது என்று சொல்ல இயலாது.

இந்தப் பின்னணியில், அண்மைக்கால முயற்சிகள் சிலவற்றையும் புதிதாகப் பார்க்கலாம். மரங்களுக்கிடையே தீவனப் புல் வளர்க்கும் முறை பரவி வருகிறது. 1962இல் நிறுவப்பட்ட ஜான்சியின் புல்வெளி, தீவன ஆய்வு நிறுவனம் அதில் நீண்டகாலம் உழைத்திருக்கிறது. தனிமரத்தின் நிழலில் நேர்வெயில் குறைகிறது. வானம் திறந்திருப்பதால் சிதறிவரும் புற ஊதா அந்த அளவு குறைவதில்லை. அடர்ந்த தோப்பின் கீழ் இரண்டும் குறையும். ஆக, ஒரே புல்லுக்கு மரங்களின் இடைவெளியைப் பொறுத்து ஒளியின் கலவை மாறுகிறது. தட்டுகளில் மண்ணில்லாமல் ஒரு வாரத்தில் வளர்த்தெடுக்கும் மக்காச்சோளத் தீவனமோ கூரையின் கீழ் வளர்வது, புற ஊதாவை ஏறத்தாழ அறியாதது. வயலில் விளைந்ததும் தட்டில் விளைந்ததும் ஒரே பயிர்ப்பெயரைத் தாங்கியிருந்தாலும், இலையின் உட்பொருளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

காற்றின் தூய்மையும் இதில் வந்து சேர்கிறது. கங்கைச் சமவெளியின் மேல் நிற்கும் தூசும் புகையும் தரைக்கு வரும் புற ஊதாவைக் குறைத்துவைத்திருக்கின்றன. அந்தக் காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை, அதைச் சுவாசிப்போர் கோடிக்கணக்கானோர். தூய்மையானால் வயலில் கதிர் சற்றுக் கூடும், கூடவே ஒளிச்சேர்க்கைக்கான ஒளியும் கூடும். அந்த மாற்றத்தைப் பின்னாளில் மதிப்பிட வேண்டுமானால், இன்றைய புல்லின் தரம் என்னவென்று இன்றே எழுதிவைத்திருக்க வேண்டும். அடிக்கோடு இல்லாமல் பின்னர் எந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்ட முடியாது.

ஓசோனைப் பொறுத்தவரை உலகம் ஒருமுறை காலத்தோடு விழித்துக்கொண்டது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. அது இல்லாமல் போயிருந்தால், 1980இல் இருந்த ஓசோனில் மூன்றில் இரு பங்கு 2065க்குள் அழிந்திருக்கும் என்று 2009இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. அந்த வெயிலில் புல் எப்படி இருந்திருக்கும் என்று அறியும் தேவை நேரவில்லை. அதற்கு நன்றி சொல்லும்போதே, அந்த வெற்றி ஒரு துறையின் மேல் விழுந்த வெளிச்சத்தையும் அணைத்துவிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஓட்டை ஆறிவருகிறது என்றதும் புற ஊதாவும் தீவனமும் பற்றிய கேள்வியும் ஆறிப்போனதாகக் கருதப்பட்டது. மெலிந்த படலத்தின் கீழ் எப்போதும் மேய்ந்துவரும் நாட்டில் அந்தக் கேள்வி இன்னும் முறையாகக் கேட்கப்பட்டு முடியவில்லை.

விளைவு இல்லை என்று எழுதி முடிக்கப்பட்ட அந்த ஆய்வேட்டின் பைகள் ஏதேனும் ஒரு துறையின் சேமிப்பறையில் இன்னும் இருக்கக்கூடும். உலர்ந்த புல் நன்கு மூடி வைத்தால் கெடுவதில்லை. பூச்சி அரிக்காமல், பெயர்ச்சீட்டு கிழியாமல் இருந்தால், அதில் ஒரு பிடியை அரைத்துச் சாலைக்கு அப்பாலுள்ள ஊட்டவியல் துறைக்கு எடுத்துச் செல்லலாம். நான்கு நாளில் விடை தெரிந்துவிடும். வேறுபாடு இல்லை என்ற விடையே மீண்டும் வரலாம். அப்போது அது தராசும் வயிறும் சேர்ந்து சொன்ன விடையாக இருக்கும், அதை அஞ்சாமல் அச்சிடலாம்.